உள்ளட்டையில் ஒட்டிய சீட்டு

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது வரிசை. பூட்டிய கேட்டில் தொடங்கி ஏலக்காய் ஸ்டோரின் சுவர் வரைக்கும் பதினான்கு பேர், சம இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மங்கி கேப், ஸ்வெட்டர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நோட்டு. ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து உயரமான ஒருவர் இறங்கினார். வரிசை ஒரு அடி பின்வாங்கியது. அவர் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் நின்றவரிடம் அவர் யார் என்று கேட்டேன். சுபேதார் மேஜர் என்றார். அப்போதுதான் வரிசையை மறுபடி பார்த்தேன். வந்த நேரப்படி அவர்கள் நிற்கவில்லை. ஓய்வு பெற்ற பதவிப்படி நின்றிருந்தார்கள். நடுவில் இரண்டு நாயப் சுபேதார்கள், யாருக்குப் பதவி உயர்வு முதலில் வந்தது என்று தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

கேரளத்து மலையில், உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான அந்தச் சிறிய பாலிகிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். வயது வரம்பு முடிந்து, இப்போது சொந்த ஊரான நல்லேப்பிள்ளியில் வீட்டோடு இருக்கிறேன். என் இடத்தில் சேர்ந்தவர்கள் அவ்வப்போது போனில் சந்தேகம் கேட்பார்கள். இப்போது அங்கே வரிசை கிடையாது, டோக்கனைப் போனிலேயே எடுத்துவிடலாம் என்று போன மாதம் சொன்னார்கள். அப்படியானால் நோயாளி நடந்து வருவதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சியில் படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், எதையும் கேட்டவுடன் எழுதி வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதுதான் கடைசி வரை உதவியது. இருபத்து நான்கு வருடம் நர்சிங் அசிஸ்டென்ட். ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். சில வருடம் தோப்பு வேலை பார்த்தேன். பிறகு மலையில் ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். செய்தியைச் சொன்னபோது மனைவி கேட்டது இவ்வளவுதான்: "ஏனுங்க, ஊட்ட உட்டு இருவத்து நாலு வருசம் இருந்தது பத்தலீங்களா?"

பத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மலை கிளினிக்கின் டாக்டர் ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல், ஒற்றப்பாலத்து மலையாளப் பெண்மணி. எட்டு ஐம்பத்தைந்துக்கு வருவார். குடையை ஆணியில் மாட்டுவார். மருந்து வைத்திருக்கும் ஃபிரிட்ஜின் வெப்பமானியைத் தானே பார்த்து, எண்ணைத் தானே எழுதுவார். பிறகு கை கழுவிவிட்டு உட்காருவார். எதை எழுதினாலும் பக்கத்தில் மணியைக் குறிப்பார். அந்த ஒன்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டும் கேட்டதில்லை.

அவருக்கு இருந்த பெரிய சிரமம் நோயாளிகளின் பதில்தான். கதவைத் திறந்து உள்ளே வருவார்கள். விறைப்பாக நிற்பார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சாப், நல்லா இருக்கேன்" என்பார்கள். பெண் அதிகாரியை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களில் பலருக்குத் தெரியவில்லை, அதனால் எல்லோருக்கும் அவர் சாப்தான். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று பேர் கொடுப்பது கௌரவக் குறைவு. வேலைக்குப் பயந்தவன் என்ற பேர் வரும். அதிகாரி எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இருபது வருடம் சொல்லிப் பழகிய பதில் பென்ஷன் வந்ததும் மாறிவிடாது.

கர்னல் முதலில் தன் பெயர்ப் பலகையில் இருந்த பதவியை எடுத்துவிட்டு வெறும் டாக்டர் என்று எழுதச் சொன்னார். அவர்கள் அப்போதும் விறைப்பாகத்தான் நின்றார்கள். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் அருகில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு அவர்கள் இன்னும் ஒரு அடி பின்னால் போய் நின்றார்கள்.

ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து என் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எங்கள் கட்டடம் ரோட்டுக்கு மேலே இருந்தது. கேட்டிலிருந்து ஏறி வர இருபத்திரண்டு படிகள். அவற்றை முழுவதுமாகப் பார்க்க முடிந்த ஒரே ஜன்னல் என்னுடையது.

"ஹவில்தார், இவங்க என்கிட்ட நுணை சொல்லும். படிகிட்ட நுணை சொல்ல பற்றுமோ?" என்றார். படியிடம் பொய் சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி.

அன்றிலிருந்து என் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. ஒவ்வொருவரும் எந்தப் படியில் நின்றார் என்று அதில் குறிக்க வேண்டும். செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிவார்கள், மலையைப் பார்ப்பது போலத் திரும்புவார்கள், பின்னால் வருகிறவரிடம் ஏதோ கேட்பது போல நிற்பார்கள். எல்லாமே மூச்சு வாங்குவதுதான். போன மாதம் பதினைந்தில் நின்றவர் இந்த மாதம் பத்தில் நின்றால் அவருடைய டோக்கன் சீட்டின் ஓரத்தில் நான் ஒரு கோடு போடுவேன். கர்னல் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஈசிஜி எடுக்கச் சொல்வார். நோயாளியிடம் காரணம் சொல்வதில்லை. எத்தனை பேரை அந்தப் படிகள் காட்டிக்கொடுத்தன என்று நான் எண்ணி வைக்கவில்லை. பலர் இன்றைக்கும் ஏலக்காய் பறிப்பு நடக்கும்போது மேற்பார்வைக்குப் போகிறார்கள்.

இது கர்னலின் ஏற்பாடு. நான் செய்த ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் கிளினிக்கில் குடும்பத்துக்கு ஒரு நோட்டு. அதில் டாக்டர் எழுதுவார், நான் மருந்து கொடுத்துக் கையெழுத்துப் போடுவேன். யார் எந்த மாதம் மருந்து வாங்கினார் என்று பார்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. நேரம் போயிற்று. நான் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டு சிறிய கட்டங்கள் வரைந்தேன், மாதத்துக்கு ஒன்று. அவற்றுக்குக் கீழே இரண்டு பெரிய கட்டங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கொடுத்தால் அதில் தேதியை எழுதுவேன். அதை நகலெடுத்து ஒவ்வொரு நோட்டின் உள்ளட்டையிலும் ஒட்டினேன். மருந்து வாங்கினால் ஒரு டிக். நோட்டைத் திறந்தவுடனே எல்லாம் தெரியும். வருடம் முடிந்தால் பழையதன் மேல் புதுச் சீட்டு. ரெஃபரல் தேதிகளை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு எடுத்து எழுதுவேன், டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

கர்னல் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, ரெஃபரலுக்கு ஏன் இரண்டு கட்டம் என்று கேட்டார். தாளில் இடம் அவ்வளவுதான் இருந்தது, நிறைந்தால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றேன். தலையசைத்தார். எனக்கு அந்தச் சீட்டில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சேசுராஜைப் பற்றி இனிச் சொல்கிறேன். நாயக்காக ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். பதினேழு வருடம் காலாட்படையில் இருந்துவிட்டு, ஊர் திரும்பி, ஒரு ஏலத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தார். மனைவி மரியபுஷ்பம் அதே தோட்டத்தில் காய் பறித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். மாதம் ஒரு தடவை இருவரும் சேர்ந்து வருவார்கள். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, அந்த அம்மாவுக்கு வலி மாத்திரை. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரைவிட ஒரு பதவி மேல். இருந்தாலும் மருந்து கொடுக்கிற ஜன்னலில் பதவி செல்லாது.

அவர் படி ஏறுவதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகத்தான் ஏறுவார். அந்த அம்மா நிற்கும்போது இவரும் நிற்பார். யாருக்காக யார் நிற்கிறார்கள் என்று ஜன்னலிலிருந்து தெரியாது. முழங்காலுக்காக நிற்கிறார்கள் என்றே குறித்து வந்தேன். ஒரு மழை மாதம் அந்த அம்மா வரவில்லை. சேசுராஜ் தனியாக வந்தார். ஒன்பதாவது படியில் நின்றார். பதினான்கில் மறுபடி நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

நான் கோடு போட்டேன். ஈசிஜியில் கர்னலுக்குச் சந்தேகம் வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் முழுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். சேசுராஜ் பறிப்பு முடியட்டும் என்றார். அடுத்த மாதம் கேட்டதற்கு மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அதற்கடுத்த மாதம், "ஒண்ணுமில்ல சாப்."

அவர் செலவுக்குத்தான் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அந்தப் பயம் அப்போது மலையில் எல்லோருக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களில் பேச்சு வேறெதுவும் இல்லை. எங்கள் மருத்துவத் திட்டம் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிற கட்டணம் பழையது, இன்றைய செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சில தனியார் ஆஸ்பத்திரிகள் சொல்கின்றன. பாக்கி வந்து சேரவில்லை என்று எங்கள் மருத்துவக் கார்டை வாங்க மறுக்கின்றன. கிளினிக்கில் இல்லாத மாத்திரையைக் கடையில் வாங்கிவிட்டு, அந்தப் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. போன கூட்டத்தில் பெருமாட்டி ஊர்க்காரர் ஒருவர், "பென்சன்ல பாதி மருந்துக் கடைக்கே போவுதுங்க, மீதியக் கொண்டுபோயி ஸ்கேன் எடுக்கறவன்கிட்டக் குடுக்கறங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சேசுராஜின் காரணம் வேறு என்பது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குத் தெரிந்தது.

அன்று இருவரும் வந்தார்கள். ஆறாவது படியில் சேசுராஜ் உட்கார்ந்துவிட்டார். யாரும் நடுப்படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும் போய்த் தூக்கி வந்தோம். சட்டை முழுவதும் வியர்வை. ஈசிஜி எடுத்தேன். கர்னல் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மென்று விழுங்க ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார். நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைக்கச் சொன்னார். மணியைக் கேட்டு எழுதினார். உடனே கீழே போக வேண்டும், இன்றைக்கே, எங்கள் ஆம்புலன்ஸிலேயே என்றார்.

வலி கொஞ்சம் குறைந்ததும் சேசுராஜ் எழுந்து உட்காரப் பார்த்தார். "வேண்டாம் சாப். இப்பச் சரியாயிருச்சு."

கர்னல் ரெஃபரல் தாளை எடுத்தார். சேசுராஜ் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. ஒண்ணுதான பாக்கி இருக்கு. அது இவளுக்குல்லா."

எது ஒன்று என்று கேட்டேன். மனைவியின் பையிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். உள்ளட்டையைத் திறந்தார். கீழே இருந்த இரண்டு பெரிய கட்டங்களில் முதலாவதில் அவருடைய கண் ஆபரேஷனுக்கு நான் எழுதிய தேதி இருந்தது. காலியாக இருந்த இரண்டாவதில் விரலை வைத்தார்.

"கண்ணுக்கு ஒண்ணு நான் எடுத்துட்டேன். இது புஷ்பத்துக்கு முட்டு மாத்த வச்சிருக்கேன். இதையும் நான் எடுத்துட்டா அவ காலம்பூரா இழுத்துக்கிட்டுல்லா நடக்கணும்."

மரியபுஷ்பம் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் இது புதிது.

"எனக்காங்க வச்சிருந்தீக? முட்டு வலிச்சா மனுசி செத்தா போவா? நீங்க போயிட்டா இந்தக் கட்டத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டவா?"

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. எங்களுக்கு இரண்டு கார்டு உண்டு. ஒன்று ராணுவக் கேன்டீனுக்கு, ஒன்று மருத்துவத்துக்கு. இரண்டும் ஒரே அளவு. ஒரே பர்ஸில் முதுகோடு முதுகாக இருக்கும். கேன்டீன் கார்டில் எல்லாவற்றுக்கும் மாத அளவு உண்டு. அதைத் தாண்டி ஒரு பாட்டில் ரம் கூடக் கிடைக்காது. பட்டாளத்தில் சோப்பு, காலுறை, தோட்டா எதுவானாலும் எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையெழுத்துப் போட்ட மனிதனின் நோட்டில் நான் இரண்டு கட்டம் வரைந்து, அதில் ஒன்றை நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். வருடம் மாறியும் அந்தத் தேதியை அழியாமல் எடுத்து எழுதியிருக்கிறேன். அவர் வேறு என்ன நினைப்பார்?

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். திட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு எதுவும் கிடையாது, எத்தனை முறை தேவையோ அத்தனை முறை, இருவருக்குமே என்று சொன்னார். சேசுராஜ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அதிகாரி நல்ல மனதோடு ஏதோ சொல்கிறார் என்கிற முகம். பார்வை திரும்பவும் என்னிடம் வந்தது. கட்டத்தில் டிக் போடுகிறவன் நான்தானே.

"அது சர்க்கார் போட்ட கட்டம் இல்லீங்க, நான் போட்டது," என்றேன். "ஸ்கேல் வச்சு நான்தானுங்க வரைஞ்சேன்."

"அப்ப ஏன் ரெண்டு?"

"தாள்ல அவ்வளவுதானுங்க எடம் இருந்துது."

என்னையே சிறிது நேரம் பார்த்தார். வலியிலும் அவர் வாயோரம் லேசாக வளைந்தது.

"நல்ல ஆளுய்யா நீரு," என்றார். பிறகு படுத்துக்கொண்டார்.

நீரு என்று அவர் என்னைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஒன்பது முப்பதுக்குக் கிளம்பினோம்.

இதயத்துக்கான ஆஸ்பத்திரி, எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டுச் சமவெளியில் இருந்தது. கேரளத்துக்குள் போவதானால் இரண்டு மடங்கு நேரம் ஆகும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் திரும்பும்போதெல்லாம் மரியபுஷ்பம் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரையும் மறு கையால் தன் முழங்காலையும் பிடித்துக்கொண்டார். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தாமல் கை காட்டி அனுப்பினார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்த்து எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை முன்னாள் படைவீரர் கார்டுக்கு அனுமதி இல்லை. சேசுராஜை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அதில் தாமதம் இல்லை. மேஜையில் இருந்த பெண் முன்பணம் கட்டச் சொன்னார். எங்கள் கிளினிக் வேறு மாநிலத்தில் இருக்கிறது, பில்லை அனுமதிக்கும் அலுவலகம் வேறு என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். பாக்கி எவ்வளவு நாளாக நிற்கிறது என்று அவர் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். அதை நான் மறுக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மரியபுஷ்பம் கழுத்துச் செயினைக் கழற்றி உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார்.

கர்னல் எழுதிய தாளை மேஜையில் வைத்தேன். மேலே சிவப்பு மையில் அவசரம் என்று இருந்தது. கீழே ஒவ்வொரு மருந்துக்கும் நேரே மணி, கடைசியில் அவருடைய செல் நம்பர். அந்த அறிவிப்பு முன்கூட்டித் திட்டமிட்ட சேர்க்கைக்கு, இது உயிர் ஆபத்து, உயிர் ஆபத்தில் நோயாளியை எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம், இரண்டு நாளுக்குள் எங்களுக்குத் தெரிவித்தால் போதும், தெரிவிக்க வேண்டிய ஆளே இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் இருந்தது. அவர் தாளைப் படித்தார். கர்னலுக்குப் போன் செய்தார். இரண்டு நிமிடம் பேசினார், பெரும்பாலும் கேட்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, "வந்து சேர்ந்த நேரம் மட்டும் கரெக்டாச் சொல்லுங்க சார்," என்றார். பத்து ஐம்பத்தெட்டு என்றேன்.

மரியபுஷ்பத்திடம் செயினைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மேஜையில் இருந்த அந்தப் பெண்ணே எழுந்து வந்து கொக்கியை மாட்டிவிட்டார்.

மதியத்துக்குள் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை. எங்கள் திட்டத்தைக் குறை சொல்ல எவ்வளவோ இருக்கிறது, நானே கூட்டங்களில் எழுந்து சொல்கிறேன். ஆனால் அதே வார்டில், அடுத்த கட்டிலில் கிடந்த ஏலத் தோட்டத் தொழிலாளியின் மகன்கள், அப்பாவின் காதுக்கு எட்டாமல் வராந்தாவில் நின்று, எதை விற்பது என்று பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அதன் பிறகு நன்றி இல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

சேசுராஜைச் சேர்த்த மறுநாள் காலை எட்டு ஐம்பத்தைந்துக்குக் கர்னல் வந்தார். குடையை மாட்டினார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், கை கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எத்தனை நோட்டில் அந்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். முந்நூற்றுச் சொச்சம் என்றேன். இன்று முதல் வருகிற ஒவ்வொரு நோட்டிலிருந்தும் அதைக் கிழிக்க வேண்டும் என்றார். நான் உடனே எழுந்தேன்.

"நில்லுங்க ஹவில்தார். கிழிக்கறதுக்கு முன்னே கேட்கணும். இந்தக் கட்டத்தை எதுக்கு வச்சிருக்குன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்கணும். என்கிட்ட சொல்லாது. உங்ககிட்ட சொல்லும்."

கடிதத்தைப் பற்றி நான் அப்போது சொல்லவில்லை. அவர் பார்வை ஒரு கணம் என் சட்டைப் பையில் நின்றது, பிறகு ஃபைலுக்குத் திரும்பியது. கிழிக்கும் முன் கேட்பதுதான் என் தண்டனை. இரண்டு மாதம் ஆயிற்று. ஜன்னலை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பலர் சிரித்தார்கள், அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்றார்கள். பதினோரு பேர் நினைத்திருந்தார்கள். ஒரு சுபேதார், மனைவிக்கு வேண்டியிருக்கும் என்று தன் குடலிறக்கத்தைப் பெல்ட் கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். பூப்பாறைப் பக்கத்து விதவை ஒருவர் பேரனுக்காக வைத்திருந்தார். பேரனுக்குத் திட்டத்தில் இடமே கிடையாது. அதற்குள் அவருடைய இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. பதினோரு பேருக்கும் அவரவர் சொன்ன வாரத்திலேயே கர்னல் ரெஃபரல் எழுதினார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சீட்டு இருந்த இடத்தில் பசையின் கறை மட்டும் நின்றது.

இறந்தவர்களின் நோட்டுகளைக் குடும்பத்தார் எங்களிடம் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு கட்டு இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு லான்ஸ் நாயக்கின் நோட்டு. சேசுராஜ் படியில் உட்கார்ந்ததற்கு முந்தின வருடம் இறந்தவர். காரணம் மாரடைப்பு என்று மகன் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு பெரிய கட்டங்களும் காலியாக இருந்தன. அவர் எதற்காகவாவது வைத்திருந்தாரா, இல்லை வெறுமனே வரவில்லையா என்று கேட்க ஆளில்லை. கர்னலிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். அன்றைய தேதியையும் மணியையும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தை அன்றுதான் எடுத்து நீட்டினேன். படிக்காமல் மேஜை டிராயரில் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தேன். எந்தத் தாளிலும் கட்டம் வரையவில்லை. என் மனைவிக்கு இப்போது சர்க்கரை. மாதம் தவறாமல் இங்கே கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துக் கிளினிக்கில் இன்சுலின் வாங்குகிறோம். சில மாதம் இருப்பு இருக்காது. வெளியே வாங்கிக்கொண்டு பில்லைப் பத்திரப்படுத்துகிறேன். கட்டணங்கள் ஏறிக்கொண்டே போனால், ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக விலகினால், எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதைச் சங்கத்தின் மூலம் எழுதியிருக்கிறோம். பதில் வரவேண்டும்.

போன ஜூனில் மரியபுஷ்பத்துக்கு வலது முழங்காலையும் மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தவர் சேசுராஜ்.